2147483647: ஒரு பெரிய பகா எண்ணை நாமே அலசிப் பார்ப்பது எப்படி?

பெரிய பகா எண்களைப் பற்றிய செய்தி வந்தால் இலக்க எண்ணிக்கையைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நான்கு கோடி இலக்கமாம், அச்சடித்தால் அறை நிறையுமாம். சரி, அதில் கணிதம் எங்கே இருக்கிறது? ஓர் எண்ணைக் கையில் எடுத்து, அது பகா எண்தானா, ஏன் அப்படிச் சொல்கிறோம், அதற்குள் கூட்டலும் பெருக்கலும் எப்படி நடக்கின்றன என்று நாமே போட்டுப் பார்க்கும்போதுதான் அது பிடிபடும். அதற்கு நான்கு கோடி இலக்கம் வேண்டாம், பத்து இலக்கம் போதும்.

நான் பரிந்துரைப்பது 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இது பகா எண் என்று கணிதர் ஆய்லர் நிறுவியது 1772-இல். அப்போது தெரிந்திருந்த பகா எண்களில் இதுதான் மிகப் பெரியது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இந்த எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவு எண்ணை (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டலுக்குச் சமமான எண்) தாண்டி இன்னொன்றை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் எழுதிவைத்தார். பாவம். இன்று கைபேசி அந்த வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது.

தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு கொள்கை. பெரிய பகா எண்ணைப் புரிந்துகொள்ள அதன் இலக்கங்களைப் பார்ப்பதால் பெரிதாகப் பயனில்லை. அது எந்த வடிவத்தில் எழுதக்கூடியது, அதற்கு முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் எப்படி உடைகின்றன என்று பாருங்கள். கீழே வருகிற எல்லாப் படிகளிலும் இதுதான் திரும்பத் திரும்ப வேலை செய்யும்.

கருவி: இதில் கவனம் வேண்டும்

தாள், பேனா, கூடவே பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தால் போதும். எக்செல் போன்ற விரிதாளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். நாம் பத்து இலக்க எண்களை வர்க்கப்படுத்தப் போகிறோம், விடை 19 இலக்கம் வரை போகும். விரிதாள் எந்த எச்சரிக்கையும் தராமல் கடைசி இலக்கங்களைப் பூஜ்ஜியமாக்கிவிடும். மீதி பார்க்கிற கணக்கில் கடைசி இலக்கம் போனால் எல்லாமே போச்சு. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்களுக்கும் இதே சிக்கல் உண்டு, அங்கே எல்லை 2^53 (அதாவது 2-இன் 53-ஆவது அடுக்கு). பைத்தானில் முழு எண்ணுக்கு இப்படி எல்லை கிடையாது.

பைத்தானின் பவ் (pow) செயற்கூறுக்கு மூன்று எண்களைக் கொடுக்கலாம்: அடி, அடுக்கு, வகுக்கும் எண். அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டு வகுக்காமல், ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போகும். அதனால் கோடிக்கணக்கான அடுக்காக இருந்தாலும் நொடியில் விடை வரும். இந்தக் கட்டுரை முழுக்க நமக்குத் தேவைப்படும் ஆயுதம் இது ஒன்றுதான்.

முதல் படி: எண்ணின் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்

2147483647-உடன் 1 கூட்டுங்கள். 2147483648. இதை 2 ஆல் வகுத்துக்கொண்டே போனால் 31 முறை வகுபட்டு 1-இல் வந்து நிற்கும். ஆக, நம் எண் 2^31 − 1. இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறெதுவும் இல்லை.

இந்த வடிவ எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமானால் அடுக்கு முதலில் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். அடுக்கு 6 என்றால் 2^6 − 1 = 63, இதை 2^2 − 1 = 3-உம் 2^3 − 1 = 7-உம் வகுத்துவிடும். 31 பகா எண், எனவே முதல் தடையைத் தாண்டிவிட்டோம். ஆனால் இதன் மறுதலை உண்மையல்ல. 11 பகா எண்தான், 2^11 − 1 = 2047 = 23 × 89. இந்த 2047-ஐ மறந்துவிடாதீர்கள், நம்மைப் பல இடங்களில் எச்சரிக்கப் போகும் எண் இது.

மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் 257 வரையிலான அடுக்குகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 விடுபட்டிருந்தன. 31 சரியாகவே இருந்தது. 67-இன் கதை சுவாரஸ்யமானது. 2^67 − 1 பகு எண் என்பது முன்பே தெரிந்திருந்தும் காரணிகள் தெரியாமலே இருந்தன. 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டினார். பகு எண் என்று தெரிவது வேறு, காரணி தெரிவது வேறு. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம், நான்காவது படியில் இதற்குத் திரும்ப வருவோம்.

இரண்டாம் படி: சின்ன வகுத்திகளை ஒதுக்குங்கள்

இதை வேகமாக முடித்துவிடலாம். கடைசி இலக்கம் 7, ஆக 2, 5 வகுக்காது. இலக்கக் கூட்டல் 46, ஆக 3 வகுக்காது. வலமிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் 12 வரும், ஆக 11 வகுக்காது. 7-க்கு இலக்கத்தைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள்: 2^3 = 8, 7 ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2^30-க்கும் மீதி 1, 2^31-க்கு மீதி 2, நம் எண்ணுக்கு மீதி 1. வகுக்காது. எல்லாச் சின்ன எண்களுக்கும் இப்படிச் செய்யலாம்.

மூன்றாம் படி: ஆய்லரின் வழியில் நிரூபணம்

ஒரு எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகா வகுத்தி இருந்தே தீரும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340-க்கும் 46341-க்கும் இடையில் வருகிறது. அதுவரை உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4800. கணினிக்கு ஒன்றுமில்லை, ஆனால் இறகுப் பேனாவோடு உட்கார்ந்தவருக்கு அது மாதக்கணக்கான வேலை. ஆய்லர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம் இதுதான்.

ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 'வகுத்தி' என்று அழைப்போம். அப்படியானால் 2^31-ஐ வகுத்தியால் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் வகுத்தியால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 முதன்முதலில் எந்த அடுக்கில் வருகிறதோ, அதன் மடங்குகளில் மட்டும்தான் மறுபடியும் வரும். 31-ஆவது அடுக்கில் 1 வருகிறது என்று தெரியும். 31 பகா எண் என்பதால் முதல் தடவை வருவது 1-ஆவது அடுக்கிலாவது இருக்க வேண்டும், 31-ஆவது அடுக்கிலாவது இருக்க வேண்டும். 1-ஆவது அடுக்கு என்பது 2 மட்டும்தான், அதன் மீதி 1 ஆகாது. எனவே 31.

இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்ன சொல்கிறது? வகுத்தியைவிட ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வரும் என்கிறது. ஆக, வகுத்தியிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது 31-இன் மடங்கு. வகுத்தி ஒற்றை எண் என்பதால் அது 62-இன் மடங்கும்கூட. நம் எண்ணுக்கு வகுத்தி இருந்தால் அது 63, 125, 187, 249 என்ற வரிசையில்தான் இருக்க முடியும்.

இன்னும் ஒரு சல்லடை இருக்கிறது. 2^31-க்கு மீதி 1 என்றால் 2^32-க்கு மீதி 2. ஆனால் 2^32 என்பது 2^16-இன் வர்க்கம். அதாவது வகுத்தியின் உலகத்தில் (வகுத்தியால் வகுத்த மீதிகளை மட்டும் எண்களாக எடுத்துக்கொண்டால்) 2-க்கு வர்க்கமூலம் உண்டு. 8 ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தருகிற பகா எண்களுக்கு மட்டும்தான் அப்படி நடக்கும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பாருங்கள்: வகுத்தியை 248 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 ஆக இருக்க வேண்டும்.

46340 வரை இப்படிப்பட்ட எண்கள் மொத்தம் 373. அவற்றிலும் பகா எண்ணாக இருப்பவை மட்டும் போதும். 63, 249, 497, 559 எல்லாம் பகு எண்கள், கழித்துவிடலாம். முதலில் தேறுவது 311. வகுத்துப் பாருங்கள்: ஈவு 6905092, மீதி 35. அடுத்து 1303, மீதி 226. இப்படியே கடைசி வரை போனால் ஒன்றுகூட மீதியின்றி வகுக்காது. நிரூபணம் முடிந்தது.

விதியை நம்புவதற்கு முன் 2047-இல் சோதியுங்கள். அதன் காரணிகள் 23, 89. ஒன்று குறைத்தால் 22, 88. இரண்டும் 22-இன் மடங்கு. 8 ஆல் வகுத்தால் 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. பொருந்துகிறது. கோலின் 193707721-ஐயும் எடுத்துப் பாருங்கள், ஒன்று குறைத்தால் 134-இன் மடங்கு வரும்.

நான்காம் படி: ஃபெர்மா சோதனை, அதில் இருக்கும் பொறி

எல்லா எண்ணுக்கும் இப்படி நல்ல வடிவம் அமையாது. பொதுவாகச் செய்வது ஃபெர்மா சோதனை: ஏதாவது ஒரு அடியை எடுத்து, எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்து மீதி பார்ப்பது. மீதி 1 இல்லை என்றால் பகு எண் என்பது உறுதி. காரணி என்னவென்று தெரியாமலே தீர்ப்பு சொல்லிவிடலாம். மீதி 1 என்றால் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

எல்லோரும் முதலில் எடுக்கும் அடி 2. மெர்சென் எண்ணுக்கு அது அடியோடு பயனற்றது. 2047-இல் போட்டுப் பாருங்கள். 2^11-க்கு மீதி 1. 2046 என்பது 11 × 186. ஆகவே 2^2046-க்கும் மீதி 1 வந்துவிடும். பகு எண் சோதனையில் தேறிவிட்டது! இது தற்செயல் இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருக்கிற எல்லா மெர்சென் எண்ணும், பகு எண்ணோ பகா எண்ணோ, 2-ஐ அடியாக வைத்தால் தேறிவிடும். இணையத்தில் கிடைக்கிற நிரல்களில் 2 மட்டும் அடியாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். 3-ஐ வைத்தால் 2047-இன் சாயம் வெளுத்துவிடுகிறது, 3^2046-க்கு மீதி 1013.

இதைவிட வலுவானது மில்லர்–ராபின் சோதனை. நம் எண்ணுக்கு அது மிக எளிது. 2147483646-ஐ ஒரே ஒரு முறைதான் 2 ஆல் வகுக்க முடியும், கிடைப்பது 1073741823 என்ற ஒற்றை எண். அடியை இந்த அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 ஆகவோ 2147483646 ஆகவோ வர வேண்டும், வேறு எது வந்தாலும் பகு எண். 2-க்கு 1 வருகிறது. 3, 5, 7 மூன்றுக்கும் 2147483646 வருகிறது. 3215031751-க்குக் கீழே இந்த நான்கு அடிகளையும் ஏமாற்றக்கூடிய பகு எண் எதுவும் இல்லை என்பது ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட விஷயம். அதனால் நம் எண்ணுக்கு இதுவே முழு நிரூபணமாகிவிடுகிறது. நூறு இலக்க எண்ணுக்கு இது நிரூபணம் ஆகாது, பலத்த நம்பிக்கை மட்டுமே.

ஐந்தாம் படி: வகுக்காமலே மீதி எடுப்பது

999 ஆல் வகுத்து மீதி காண ஒரு குறுக்கு வழி உண்டு: எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கூட்டினால் போதும். 1000-ஐ 999 ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான் காரணம். நம் எண்ணிலும் இதே கதைதான். 2^31-க்கு மீதி 1. எனவே எவ்வளவு பெரிய எண்ணையும் 31 பிட், 31 பிட்டாக (பிட் என்றால் ஓர் இரும இலக்கம்) நறுக்கிக் கூட்டினால் மீதி வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 16807 × 282475249 = 4747561509943. இதை 2147483648 ஆல் வகுத்தால் (கணினிக்கு இது 31 பிட் தள்ளுவது மட்டும்தான்) ஈவு 2210, மீதி 1622647863. இரண்டையும் கூட்டுங்கள்: 1622650073. நாம் தேடிய மீதி அதுவேதான். கூட்டல் 2147483647-க்கு மேல் போனால் ஒருமுறை கழித்துவிடுங்கள்.

இதிலிருந்தே இன்னொரு பண்பும் கிடைக்கிறது. நம் எண்ணின் உலகத்தில் 2 ஆல் பெருக்குவது என்றால் 31 பிட்டுகளையும் ஓரிடம் இடப்பக்கம் சுழற்றுவது. இடது ஓரத்தில் விழும் பிட், வலது ஓரத்தில் வந்து ஏறிக்கொள்ளும். சிறிய தம்பியான 2^5 − 1 = 31-இல் கையாலேயே பார்க்கலாம். 13 என்பது 01101. 2 ஆல் பெருக்கினால் 26, அதாவது 11010. மறுபடி 2 ஆல் பெருக்கினால் 52, 31-ஐக் கழித்தால் 21, அதாவது 10101. ஐந்து முறை சுழற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்த வேகத்துக்காகவேதான் குறியாக்கத் துறையில் இப்படிப்பட்ட வடிவங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். 2^521 − 1 என்ற மெர்சென் பகா எண் நீள்வட்ட வளைவுக் குறியாக்கத்தில் பயன்படுகிறது. மெர்சென் எண்ணாக இல்லாவிட்டாலும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் 2^255 − 19 இன்னும் பிரபலம்.

ஆறாம் படி: லூக்கா–லேமர் சோதனை

இப்போது அடுத்த எண்ணின் பக்கம் போவோம். நம் எண்ணுக்கு அடுத்தது முழுக்க 2-களால் ஆனது, 2^31. இதைப் பயன்படுத்தி எதுவார் லூக்கா 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சோதனையை அமைத்தார். 1876-இல் 2^127 − 1 பகா எண் என்று காட்டினார். அது 39 இலக்க எண், கணினி இல்லாமல்! லேமர் 1930-இல் இந்தச் சோதனையை இப்போதைய எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

செய்முறை இவ்வளவுதான். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். "வாய்ப்பு உண்டு" என்ற பேச்சே கிடையாது.

127-இல் (2^7 − 1) கையால் போட்டுப் பாருங்கள், 5 தடவை: 4, 14, 67, 42, 111, 0. பகா எண். 2047-க்கு 9 தடவை போட்டால் 1736-இல் வந்து நிற்கும், 0 இல்லை. நம் எண்ணுக்கு 29 தடவை. தொடக்கம் 4, 14, 194, 37634, 1416317954, 669670838 என்று போகும். உங்கள் நிரலில் ஆறாவது எண் இதுவாக இல்லை என்றால் எங்கோ துல்லியம் தவறுகிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கடைசியில் 0 வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 2 ஆக இருக்க வேண்டும். 2^16-இன் வர்க்கத்துக்கு மீதி 2 என்று மூன்றாம் படியிலேயே பார்த்தோம். எனவே கடைசிக்கு முந்தைய எண் 65536 ஆகவோ 2147418111 ஆகவோ மட்டுமே இருக்க முடியும். எது என்று ஓட்டிப் பாருங்கள்.

பகா எண் சாதனைப் பட்டியலின் உச்சியில் மெர்சென் எண்களே அடிக்கடி இருப்பதற்குக் காரணம் இந்தச் சோதனைதான். அவை அதிகமாக இருப்பதால் அல்ல, அவற்றைச் சோதிப்பது எளிது என்பதால். 1996 முதல் நடந்துவரும் கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியைச் சேர்க்கலாம். 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் என்பவர் வழியாக அதில் கிடைத்த 2^136279841 − 1-க்கு 41024320 இலக்கங்கள்.

இலக்க எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பது சுலபம்: அடுக்கை 2-இன் மடக்கையான 0.30103-ஆல் பெருக்கி, முழு எண் பகுதியோடு 1 கூட்டுங்கள். 31-க்கு 9.33, ஆக 10 இலக்கம். ஆனால் இந்தச் சாதனை எண்ணுக்கு அப்படிச் செய்தால் 41024321 என்று ஒன்று கூடுதலாக வரும். ஐந்து இலக்க மடக்கை போதாது, 0.3010299957 என்று நீட்டிக்கொண்டால் சரியாகிவிடும்.

ஏழாம் படி: முந்தைய எண்ணை உடையுங்கள்

ஒன்று குறைத்தால் 2147483646. இது 2 × (2^30 − 1). அந்த அடைப்பை 2^15 − 1, 2^15 + 1 என்று இரண்டாகப் பிரிக்கலாம்: 32767 × 32769. முதலாவது 7 × 31 × 151, இரண்டாவது 9 × 11 × 331. மொத்தத்தில் 2 × 3^2 × 7 × 11 × 31 × 151 × 331.

இந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 1 முதல் 2147483646 வரை எந்த எண்ணை எடுத்து அடுக்கடுக்காக உயர்த்தினாலும், மீதிகள் ஒரு கட்டத்தில் 1-க்குத் திரும்பி வட்டமடிக்கும். வட்டத்தின் நீளம் மேலே உள்ள காரணிகளிலிருந்து பொறுக்கிய பெருக்கலாக மட்டுமே இருக்கும். 2-இன் வட்டம் வெறும் 31. 7-இன் வட்டமோ முழு நீளம்: 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணும் ஒவ்வொரு முறை தலைகாட்டிய பிறகுதான் 1 மறுபடி வரும். இப்படி முழு வட்டம் தருகிற எண்கள் 53 கோடியே 46 லட்சம். ஏறக்குறைய நான்கில் ஒன்று.

7-இன் இந்தப் பண்பே பகா எண் என்பதற்கு மூன்றாவது நிரூபணமும் ஆகிறது. 7-ஐ 2147483646 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. அந்த அடுக்கை 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய ஏழு எண்களில் ஒவ்வொன்றாலும் வகுத்து உயர்த்தினால் எதிலும் மீதி 1 வராது. ஆக வட்டம் முழு நீளம்தான், இடையில் முடிந்துவிடவில்லை. வட்டத்தில் வருகிற எந்த எண்ணுக்கும் 2147483647-உடன் பொதுக் காரணி இருக்க முடியாது. அதற்குக் கீழே உள்ள எல்லா எண்ணும் வட்டத்தில் வந்துவிட்டன. அப்படியானால் வகுப்பதற்கு யார் மிச்சம்? பவ் செயற்கூறை எட்டு முறை அழைத்தால் நிரூபணம் முடிந்தது. எனக்கு ஆய்லரின் வழியைவிட இதுதான் பிடிக்கும்.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. 16807 என்பது 7^5. 5 மேற்கண்ட காரணிப் பட்டியலில் இல்லாததால் 16807-இன் வட்டமும் முழு நீளம். 1-இல் தொடங்கி 16807 ஆல் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று தாறுமாறாகத் தோன்றும் வரிசை வரும். பார்க், மில்லர் என்ற இருவர் 1988-இல் பரிந்துரைத்த போலிச் சமவாய்ப்பு எண் உருவாக்கி இதுதான். சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்க அவர்களே ஒரு சோதனை கொடுத்திருந்தார்கள்: 10000-ஆவது எண் 1043618065 ஆக வர வேண்டும். விளையாட்டுக்கும் பாவனைக் கணக்குக்கும் இது போதும், ரகசியம் காக்க ஆகாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்ததைப் பெருக்கியே சொல்லிவிடலாம்.

ரகசியம் என்றதும் இன்னொன்று. முந்தைய எண்ணின் மிகப் பெரிய காரணி வெறும் 331 என்பது நமக்கு வசதி, குறியாக்கத்துக்குப் பலவீனம். அப்படிப்பட்ட பகா எண் ஒரு பெரிய எண்ணுக்குள் காரணியாக ஒளிந்திருந்தால் பொல்லார்டு 1974-இல் வெளியிட்ட முறை அதை எளிதில் பிடித்துவிடும். ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில் இன்று பரவலாக இருக்கும் 2048 பிட் சாவிக்கு ஏறத்தாழ 309 இலக்கமுள்ள இரண்டு பகா எண்கள் தேவை, அங்கே நம் பத்து இலக்கத்தார் கிட்டே நெருங்கவே முடியாது.

சில சிறு பண்புகள்

வரிசையில் இது 10,50,97,565-ஆவது பகா எண். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரட்டைப் பகா எண் இல்லை: இரண்டு குறைத்தால் 5 வகுக்கும், இரண்டு கூட்டினால் 3 வகுக்கும். 4 ஆல் வகுத்தால் மீதி 3, எனவே இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. 2^30 ஆல் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தானே வரும் நிறைவு எண் அது. பார்லோ சொன்னதும் இதைத்தான்.

நிரல் எழுதுபவர்களுக்கு இந்த எண் வேறு காரணத்துக்காகப் பழக்கம். குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பு இது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய அமைப்புகள் உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19, அதிகாலை 3:14:07-க்கு இந்த வரம்பைத் தொடும். வரம்பு பகா எண்ணாக அமைந்தது தற்செயல்தான், அங்கே அதனால் பயன் எதுவும் இல்லை.

கடைசிப் படி: இதையே அடுக்காக வையுங்கள்

31-உம் ஒரு மெர்சென் பகா எண், 2^5 − 1. அதை அடுக்காக வைத்தால் நம் எண் கிடைத்தது. நம் எண்ணையே அடுக்காக வைத்தால்? 2^2147483647 − 1. இலக்க எண்ணிக்கை 64 கோடியே 64 லட்சத்து 56 ஆயிரத்து 993. லூக்கா–லேமர் சோதனையை இதில் ஓட்ட நினைக்காதீர்கள், இருநூறு கோடிக்கும் மேற்பட்ட தடவை வர்க்கப்படுத்த வேண்டும்.

ஆனால் மூன்றாம் படியின் விதி இங்கும் அப்படியே செல்லும். வகுத்தி இருந்தால் அது 4294967294-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவும், 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தருவதாகவும் இருக்க வேண்டும். மடங்குகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 2-ஐ 2147483647 என்ற அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பவ் செயற்கூறைக் கேட்க ஒரு சின்னச் சுழல் எழுதுங்கள். 68745-ஆவது மடங்கில் 295257526626031 என்ற எண் மாட்டும். ஆக அந்த 64 கோடி இலக்கப் பூதம் பகு எண்தான், அதன் மறு காரணியை யாரும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.